மேனேஜர் விழுங்கிய லேபிள்

சிலர் நல்லது செய்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பார்கள். சிலர் எதுவும் செய்யாமலே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். தையல்கடை மாஸ்டர் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர். அவர் செய்வார், செய்ததன் மேல் லேபிளும் தைத்துவிடுவார்.

சிவப்பு நைலான் துண்டு, நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு கத்தரிக்கோல். அதுதான் லேபிள். சட்டைக் காலரில் இருக்கும், பேன்ட் இடுப்பில் இருக்கும்; அது உலக வழக்கம். ஆனால் தலையணை உறையிலும் இருக்கும், கிழிந்த குடைக்குப் போட்ட ஒட்டிலும் இருக்கும், அவருடைய சொந்தப் பனியனிலும் இருக்கும். பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் காலில் அடிபட்டபோது, கட்டுத் துணி நூல் நூலாகப் பிரிகிறதே என்று மாஸ்டர் அதற்கு ஓரம் அடித்துக் கொடுத்தார். மறுவாரம் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நர்ஸ், "டாக்டர், உள்ளே கத்தரிக்கோல் இருக்கு!" என்று கூவ, மிட்டாய்க் கடைக்காரர் மயங்கி விழுந்தார். அதற்காக மாஸ்டர் வருந்தியதாகத் தகவல் இல்லை.

மாஸ்டருக்கு மாடுகள் உண்டு. மூத்தவளுக்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லா இடத்துக்கும் போய் எட்டிப் பார்த்து, ஒரு சத்தம் போட்டுவிட்டு வருவதால் அந்தப் பதவி தானாகவே வந்து சேர்ந்தது. தொழுவத்தை ஒட்டித்தான் தையலறை ஜன்னல். மாஸ்டர் மிஷினை மிதிக்கும்போது மேனேஜர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மூச்சு விட்டு, தைத்த வேலையைப் பார்வையிடுவாள். காஜா கோணலாகப் போனால் ஊதுவாள் என்பது மாஸ்டரின் கட்சி. அவள் எல்லாவற்றுக்கும்தான் ஊதுவாள் என்பது அவர் மனைவியின் கட்சி. எப்படியிருந்தாலும் அந்தத் தலை ஜன்னலில் இல்லாத அன்றைக்கு மாஸ்டருக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது.

பால் கறப்பது, விற்பது, மாட்டைக் குளிப்பாட்டுவது எல்லாம் மனைவியின் இலாகா. வீட்டுக்குப் பின்னால் அவளுடைய காய்கறித் தோட்டம். அதற்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் மாடுகள் மேயும் மேடு. அந்த மேட்டில் புல் என்ற பெயரில் ஏதோ நின்றுகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற அது கம்பியாகிவிட்டது. மாடுகள் அதை மெல்லும் சத்தம் மரக்கடையில் ரம்பம் போடுவதுபோல் தெருவரை கேட்டது. பால் குறைந்தது. குறைந்த பால் மனைவியின் தம்பி காதுக்குப் போனது. வம்பே அங்கிருந்துதான் ஆரம்பம்.

மச்சான் நகரத்து எல்லையில் பால் பண்ணை வைத்திருப்பவர். பெரிய கொட்டகை, மாட்டுக்கு ஃபேன், ஈரத்துக்கு ரப்பர் மெத்தை. வந்தார், மேட்டைப் பார்த்தார், ஒரு புல்லைப் பிடுங்கிப் பல்லைக் குத்திக்கொண்டார்.

"அக்கா, இது மேய்ச்சல் நிலம் இல்ல. தேங்காய் நார்க் கடை. மாட்டை எல்லாம் என்கிட்ட அனுப்பிடு. உனக்கும் கை வலி மிச்சம்."

"அவரைக் கேளு" என்றாள் மனைவி.

"மாமாவைக் கேட்டு என்ன ஆகப்போவுது? மாமா, நீங்க மாட்டுக்குத் துணியா போடுறீங்க?"

"மேட்டை நான் சரி பண்ணிக் காட்டுறேன், மச்சான்."

"சரி. மழை முடியட்டும். நான் வண்டியோட வர்றேன். மேடு பச்சையா இருந்தா சும்மா திரும்பிப் போறேன். இல்லேன்னா மேனேஜருக்கு என் பண்ணையில வேலை உறுதி."

ஜன்னலில் இருந்த தலை ஊதியது.

நல்ல வேளையாக அந்த வாரம் மாட்டு டாக்டர் பேன்ட் தைக்க வந்தார். இரண்டு கையையும் தூக்கி நிறுத்தி, இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டே மாஸ்டர் தன் கவலையைச் சொன்னார். அளவெடுக்கும்போது மனிதர்கள் ஓடிப்போக முடியாது என்பதால் முக்கியமான ஆலோசனைகளை அவர் அப்போதுதான் கேட்பார்.

"வெறும் புல்லு வயித்தை ரொப்பும், மாஸ்டர். பாலை ரொப்பாது. புல்லுக்கு நடுவுல பயறு சாதிச் செடி ஏதாவது போடுங்க. முயல் மசால் போடுங்க."

"முயலுக்குப் போடுறதை மாட்டுக்கு எதுக்கு சார்?"

"பேருதான் அப்படி. வேலி மசால்னு கூட ஒண்ணு இருக்கு. வேலியா வந்து சாப்பிடுது? மூணு மூணு இலை, மஞ்சப் பூ, அறுக்க அறுக்கத் தழையும்; இதுல சத்து ஜாஸ்தி. வேருல சின்னச் சின்ன முடிச்சு இருக்கும். காத்துல இருக்கிற உரத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் குடுக்கும். பக்கத்துல நிக்கிற புல்லும் சேர்ந்து தேறும்."

"ஓசியிலயா?"

"ஓசியிலதான். ஆனா விதைத்தோல் ரொம்பக் கெட்டி. கொதிச்சு இறக்கின தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்துட்டு விதைங்க. கையை இறக்கலாமா?"

மாஸ்டருக்குக் காது நன்றாகவே கேட்கும். டாக்டர் சொன்னது ஒரு எழுத்துக் குறையாமல் விழுந்தது. விதைப் பையும் வந்து சேர்ந்தது. அடுப்பில் தண்ணீரும் கொதித்தது. ஆனால் விதையைக் கையில் எடுத்ததும் உள்ளே இருந்த தையற்காரர் விழித்துக்கொண்டார். புதுத் துணி வந்தால் பச்சைத் தண்ணீரில்தான் நனைப்பது. சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கும், சாயம் போகும், வாடிக்கையாளர் வந்து சட்டையைப் பிடிப்பார். வாழ்நாள் முழுக்கப் பிழைப்பு கொடுத்த அறிவு இது. மாட்டு டாக்டருக்கு மாட்டைத் தெரியும், சுருங்குவதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மாஸ்டர் விதைகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தினார். இஸ்திரி மட்டும்தான் போடவில்லை.

விதைப்பு விமரிசையாக நடந்தது. மேட்டுக்கு டேப் பிடித்து அளவெடுத்தார். நூல் கட்டிக் கோடு போட்டார். தையல் வரிசைபோல் நேராக, ஓரத்தில் மடிப்புக்கு இடம் விட்டு, விதையைப் போட்டுக்கொண்டே போனார். தெருவே வேலியோரம் நின்று பார்த்தது.

முதல் மழை பெய்தது. அடுத்த மழையும் பெய்தது. மேட்டில் முளைத்தது ஒரு காளான்.

"மாஸ்டர், செடியை உள்பக்கமா வெச்சுத் தச்சுட்டீங்களோ?" என்றார் மிட்டாய்க் கடைக்காரர். கால் ஆறிவிட்டாலும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"திருப்பிப் போட்டுப் பாருங்க, அந்தப் பக்கம் வந்திருக்கும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

மனைவி சிரிக்கவில்லை. அது சிரிப்பதைவிட மோசம். "இனிமே விதை, செடி, மசால்னு ஏதாவது இந்த வீட்டுக்குள்ள வந்துது, உங்க தையல் மிஷினைத் தூக்கி அந்த மேட்டுல நட்டுடுவேன். அதுவாவது முளைக்குதான்னு பார்ப்போம்."

மிச்சமிருந்த பாதிப் பை விதை, பழைய துணி மூட்டைக்குள் தலைமறைவாயிற்று.

பேன்ட்டைப் போட்டுப் பார்க்க மாட்டு டாக்டர் மறுபடி வந்தபோது மாஸ்டர் வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கால்நீளம் சரிபார்த்தார். வாயில் குண்டூசி இருப்பது சில கேள்விகளுக்கு மிகவும் வசதி.

"மசால் வரலையாமே? சுடுதண்ணியில போட்டீங்கல்ல?"

"ம்ம்."

"பச்சைத் தண்ணியா?"

"ம்ம்."

"அட மனுஷா!" டாக்டர் ஒரு கால் மடித்த பேன்ட்டோடு அறைக்குள் உலாவினார். "சரி விடுங்க. இன்னொரு வழி இருக்கு. விதையைத் தவிட்டுல கலந்து மாட்டுக்கே குடுத்துடுங்க. மாட்டு வயித்துல ஊறினா தோல் இளகிடும். விதை சாகாது. மேயுற இடத்துல சாணம் போடும்ல? சாணத்தோட விழுந்து, உரத்தோட முளைக்கும். உழவும் வேண்டாம், கோடும் போட வேண்டாம்."

மாஸ்டர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மேனேஜரின் தலை ஜன்னலில் இருந்தது. இத்தனை காலம் வேலை இல்லாமல் இருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

எல்லாம் ரகசியமாக நடக்க வேண்டும். விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனால், சட்டை துவைப்பவள் மனைவி. ஆகவே மாஸ்டர் மிச்சப் பருத்தித் துணியில் சின்னச் சின்னச் சுருக்குப் பைகள் தைத்தார். ஒரு வேளைக்கு ஒரு பை. மடியில் செருகிக்கொண்டு தொழுவத்துக்குப் போய், தவிட்டுத் தொட்டியில் கொட்டிக் கிளறிவிட்டுத் திரும்பி விடலாம். பைகளை முடித்தவர் கை சும்மா இருந்ததா? ஒவ்வொரு பையிலும் ஒரு லேபிள். திருடப் போகிற வீட்டுச் சுவரில் தன் போட்டோவை மாட்டிவிட்டு வருவதற்குச் சமமான இந்தக் காரியத்தை, அவர் கை அவரைக் கேட்காமலே செய்தது.

சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு நாள் பையின் சுருக்கை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வாளிச் சத்தம்.

"என்னங்க, தொழுவத்துல என்ன பண்றீங்க?"

"மேனேஜரைப் பார்த்துட்டுப் போகலாம்னு..."

"ஜன்னல்ல பார்த்தது போதலையா?"

பை தொட்டிக்குள் விழுந்தது. மேனேஜர் நாக்கை நீட்டினாள். தவிடு, விதை, பை, சுருக்குக் கயிறு, கத்தரிக்கோல் லேபிள், எல்லாம் ஒரே வாயில் உள்ளே போயிற்று. மாஸ்டர் முகம் வெளுத்த துணியாகிவிட்டது. அன்றைக்கே டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"சார், எனக்குத் தெரிஞ்ச ஒரு மாடு... ரொம்ப தூரத்துல இருக்கு... அது சின்னதா ஒரு துணிப்பை சாப்பிட்டுடுச்சாம்."

"பருத்தியா?"

"நல்ல பருத்தி. ஒரு லேபிள் மட்டும் நைலான்."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த தூரத்து மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. பை கரைஞ்சிடும். லேபிள் என்னைக்காவது வெளிய வந்துடும்."

மேனேஜர் மறுநாளும் அதற்கு மறுநாளும் ஜன்னலில் ஊதினாள். மாஸ்டர் நிம்மதியாகி, விதை தீரும்வரை ஊட்டிக்கொண்டே இருந்தார்.

இங்கே ஒரு விஷயம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மேட்டில் தினமும் மாடுகள் சாணம் போட்டு வந்தன. ஆனால் மாஸ்டர் போய்ப் பார்க்கும் நேரத்தில் மேடு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இது எப்படி என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. கழற்றிப் போட்ட சட்டை துவைத்து மடித்து அலமாரிக்கு வந்துவிடுகிறது. குடித்து வைத்த டம்ளர் கழுவிக் கவிழ்ந்துவிடுகிறது. சாணமும் அப்படி ஏதோ ஒரு வழியில் காற்றோடு கலந்துவிடும் என்று நம்பும் பெரும் ஆண்கூட்டத்தில் அவரும் ஒருவர். அவர் எழுந்து பல் விளக்கும் முன்பே மனைவி கூடையோடு மேட்டுக்குப் போய், ஒரு பொட்டு விடாமல் அள்ளி வந்து, தன் கத்தரிப் பாத்திகளுக்குப் போட்டுவிடுவாள்.

ஆக, விதை ஒழுங்காக ஊறியது, ஒழுங்காக விழுந்தது, வேலி தாண்டிக் குடிபோய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் மாஸ்டர் தினமும் குனிந்து தேடினார். காளானும் போய்விட்டிருந்தது. தோட்டத்திலோ, கத்தரிச் செடியின் கழுத்தைப் பிடித்து நெரிப்பதுபோல், மும்மூன்று இலையோடு ஏதோ ஒரு செடி கிளம்பிற்று. மனைவி பிடுங்கினாள். அது மறுபடி வந்தது. மஞ்சள் பூ வேறு வைத்தது. இப்படி ஒரு களையை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காத எதையும் எதிர்வீட்டு அக்காதான் செய்திருப்பாள் என்பது அவளுடைய கணக்கு.

"என் கத்தரிக்காயைப் பார்த்து வயிறு எரிஞ்சு விதையை வீசியிருக்கா!" என்று சுவருக்குக் கேட்கும்படி சொன்னாள். "இதை விதைச்சது யாருன்னு தெரியட்டும். அந்த ஆளையே பிடிச்சு இந்தப் பாத்தியில நட்டுடுறேன்!"

"உன் கத்தரிக்காயில புழுவுக்கே பசி ஆறாது. எனக்கு என்ன பொறாமை?" என்றது சுவருக்கு அந்தப் பக்கம். பேச்சுவார்த்தை அத்துடன் முறிந்தது.

பிடுங்கிய களையை என்ன செய்வது? வேலிக்கு மேலே வீசினாள். மாடுகள் கம்பிப் புல்லை விட்டுவிட்டு வேலியோரம் வரிசையில் நிற்க ஆரம்பித்தன. பால் ஏறியது. கறக்கும்போது தான் பாடுகிற பாட்டுதான் காரணம் என்று மனைவி முடிவு செய்து, இன்னும் உரக்கப் பாடினாள்.

மாஸ்டருக்கு இந்தச் செய்தி வேறு ரூபத்தில் வந்தது. மாடு தேறுகிறதா என்று பார்க்க, அவ்வப்போது மேனேஜருக்கு நெஞ்சளவு எடுப்பது அவர் வழக்கம். சட்டை கொடுக்க வந்த பேங்க் கிளார்க் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, "காலர் வைக்கிறீங்களா, காலர் இல்லாமலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது அளவெடுத்த மாஸ்டர் திகைத்தார். மேனேஜரின் நெஞ்சு பெருத்திருந்தது. மேடோ மொட்டை. மேய ஒன்றும் இல்லாத மாடு எப்படிப் பெருக்கும்? ஒன்று மாடு பொய் சொல்ல வேண்டும், அல்லது டேப் பொய் சொல்ல வேண்டும். மாடு பொய் சொல்லாது. மழை ஈரத்தில் டேப் சுருங்கிவிட்டது!

சுருங்கிய டேப் எல்லாரையும் கூட்டித்தானே காட்டும்? நேர்மையான தொழிலாளி என்ன செய்வார்? வந்த அளவிலெல்லாம் கொஞ்சம் கழித்து வெட்டினார். அந்த மழைக்காலத்தில் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டு நடந்தது. பேங்க் கிளார்க் தும்மினார். பொத்தான் பறந்துபோய் முத்திரை மைப்பெட்டியில் விழுந்தது. மாட்டு டாக்டர் அடுத்துத் தைக்கக் கொடுத்த பேன்ட்டில் உட்கார முடியாமல் மாடுகளை நின்றபடியே சோதித்தார்.

மழை ஓய்ந்தது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

மச்சான் பின்கதவை இறக்கி, வைக்கோல் பரப்பி, தயாராகவே வந்திருந்தார். மேட்டை ஒரு சுற்று சுற்றினார். "மாமா, உங்க லேபிளை எங்க தைச்சீங்க? பச்சையைக் காணோமே?"

ஜன்னல் வழியே தையலறைக்குள் தலையை நீட்டியிருந்த மேனேஜர் இப்போது கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"ஆனா தம்பி, பால் ஏறியிருக்கேடா" என்றாள் மனைவி.

"எப்படி ஏறும்?"

"நான் பாடுறேன்."

"பாட்டை வண்டியில ஏத்திட்டுப் போக முடியாது அக்கா. தீனி என்ன போடுறே?"

"தோட்டத்துக் களைதான். வந்து பாரு அந்தக் கண்றாவியை."

மூவரும் தோட்டத்துக்குப் போனார்கள். அந்தப் பருவத்தில் மாஸ்டர் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. வைத்த கால் அப்படியே நின்றது. மும்மூன்று இலை. மஞ்சள் பூ. பாத்தி பாத்தியாக, இடுக்கு விடாமல், பாய் விரித்ததுபோல் முயல் மசால். எதிர்வீட்டு அக்காவும் சுவருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டாள்.

"இதுவா? நல்ல தீனிதான்" என்றார் மச்சான். "ஆனா நீதான் வேரோட பிடுங்குறியே. இன்னும் கொஞ்ச நாள்ல தீர்ந்துடும். அப்புறம் மறுபடி நார்தான். வண்டி வந்தது வந்ததுதான், ஏத்திடலாம்."

"ஆமா, களையை நம்பி மாடு வளர்க்க முடியுமா?" மனைவி முந்தானையை உதறிச் செருகினாள். "மிச்சத்தையும் இன்னைக்கே பிடுங்கிப் போட்டுடுறேன்."

பேசினால் பாத்தியில் நடப்படுவார். பேசாவிட்டால் மேனேஜர் ரப்பர் மெத்தையில் நிற்பாள். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பாத்தியில் தன் உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்த்தார்.

"பிடுங்காதே" என்றார். குரல் ஊசித்துளை வழியாக வந்தது.

"என்னது?"

"பிடுங்கக்கூடாது. அறுக்கணும். அறுத்தா மறுபடி தழையும். வருஷக்கணக்கா வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா... பார்த்தா அப்படித் தோணுது."

"துணியைப் பார்த்தா எதுவோ தோணும் சரி. செடியைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணும்?"

மச்சான் அதற்குள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வேரோடு மக்கிய சாணக் கட்டி ஒன்று வந்தது. கட்டி உடைந்தது. உள்ளே ஏதோ சிவப்பாக. மச்சான் சட்டையில் துடைத்து வெயிலில் பிடித்தார். சாயம் போகவில்லை. சுருங்கவும் இல்லை. மஞ்சள் கத்தரிக்கோல் பளிச்சென்று இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், லேபிளைச் சாணத்தில் மறைக்க முடியாது. முதலில் பேசியது சுவர்தான்.

"பார்த்தியா! நான்தான் வீசினேன்னு சொன்னியே! ஒவ்வொரு தடவையும் என் வீட்டைப் பார்த்தே துப்பினியே! இப்ப நடு, நடு! நான் மண்வெட்டி தர்றேன்!"

மாஸ்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: பச்சைத் தண்ணீர், சுருக்குப் பை, தூரத்து மாடு. "சாணம் மேட்டுலயே இருக்கும்னு நினைச்சேன்" என்று முடித்தார்.

மனைவி ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப, தினம் அதை யார் அள்ளுறதா நினைச்சீங்க?"

"அது... தானா..."

"தானா?"

"தானா போயிடும்னு..."

மச்சான் சிரிக்க வாயெடுத்தார். அவருக்கும் வீட்டில் மனைவி இருந்ததால் பாதியில் மூடிக்கொண்டார்.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. பால் ஏறியிருப்பதால் மாடுகள் எங்கேயும் போகாது. தம்பி காலி வண்டியோடு திரும்பலாம், வேண்டுமானால் பண்ணைக்குச் செடியிலிருந்து கொஞ்சம் விதை எடுத்துப் போகலாம். எதிர்வீட்டு அக்காவுக்கு மாஸ்டர் ஓசியில் ஒரு நல்ல உடுப்புத் தைத்துத் தர வேண்டும், மூச்சு விடுகிற மாதிரி. தெருவில் பிடிப்பாகப் போன எல்லாத் துணிக்கும் தையல் பிரித்துவிட வேண்டும். தோட்டத்து மசால் முழுவதையும் வேர் அறாமல் தோண்டி மேட்டில் நட வேண்டும். கத்தரிப் பாத்தியில் ஒரே ஒரு மூவிலை தெரிந்தாலும் பழைய தண்டனை நிலுவையில் இருக்கிறது. கடைசியாக, இனிமேல் காலையில் மேட்டுக்குப் போவது மாஸ்டர்.

அவர் நட்டார். கோடு போட்டு, நூல் பிடித்து, ஓரம் மடித்து நட்டார். விதை தெரிந்த சாணத்தை மேட்டிலேயே விட்டு, மிச்சத்தைக் கூடையில் அள்ளித் தோட்டத்தில் சேர்த்தார். அதற்கடுத்த மழையில் மேடு பச்சையாயிற்று. மசாலுக்குப் பக்கத்தில் நின்ற புல்கூடக் கம்பிக் குணத்தை விட்டுக் குழைந்தது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாமா" என்றார். மனைவி இன்னமும் பால் ஏறியது பாட்டால்தான் என்கிறாள். கொஞ்சம்போல மசாலும் காரணம் என்று விருந்தாளிகள் இல்லாதபோது ஒப்புக்கொள்கிறாள்.

அந்த லேபிளைக் கழுவிக் காயவைத்தது அவள்தான். ஒரு மத்தியானம், அவர் மிஷினைத் தொடாமல், கையில் ஊசி எடுத்து, சாணக் கூடையின் பிடித்துணியில் அதைத் தைத்துவிட்டாள். மாஸ்டரின் வாழ்க்கையில் அவர் கைபடாமல் தைக்கப்பட்ட லேபிள் அது ஒன்றுதான். தையல் படுகோணல். மேனேஜர் பார்த்துவிட்டு ஊதினாள். மாஸ்டர் அதைப் பிரித்துத் தைக்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்.